கொல்லையில் செம்பருத்தி, குளியலறையில் செம்பனை

குளியலறைச் சோப்பின் உறையைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட் என்ற இரண்டு பெயர்கள் பெரும்பாலும் முதல் வரியிலேயே நிற்கும். முதலாவது செம்பனைப் பழச் சதையின் எண்ணெயிலிருந்து வந்தது. இரண்டாவது அதன் பருப்பெண்ணெய். சிலாங்கூரின் பெஸ்தாரி ஜெயாவில் குடியிருப்பவருக்கு இது கொஞ்சம் வேடிக்கையான சங்கதி. செம்பனைக் குலை ஏற்றிய லாரி அவர் வீட்டைத் தாண்டித்தான் ஆலைக்குப் போகிறது. அந்த எண்ணெய் ஊர் ஊராகச் சுற்றி, வாசனை ஏறி, வெளிநாட்டுப் பெயர் சூடிக்கொண்டு சூப்பர்மார்க்கெட் அலமாரிக்குத் திரும்பி வருகிறது. அவரும் காசு கொடுத்து வாங்குகிறார்.

மலேசியாவில் செம்பனை வியாபாரப் பயிரானதே இந்த மண்ணில்தான். ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயாவுக்கு வந்து, கோலசிலாங்கூர்ப் பக்கம் ரந்தாவ் பஞ்சாங்கில் ரப்பர் போட்டார். அந்நாளில் செம்பனை அழகுக்கு வளர்க்கும் மரம். சுமத்ராவிலிருந்து விதை தருவித்து முதலில் அழகுக்காகவே நட்டுப் பார்த்தார். 1917இல், இன்று பெஸ்தாரி ஜெயா எனப்படும் பழைய பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரத்தில் இருக்கும் தென்னமரம் தோட்டத்தில் அதை வணிகப் பயிராகவே நட்டார். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அது. தோட்டத்து அனுபவத்தை வைத்து அவர் எழுதிய நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசும் கிடைத்தது. இன்று மலேசியா ஆண்டுக்கு 1.8 கோடி டன்னுக்கு மேல் செம்பனை எண்ணெய் எடுக்கிறது. உலகத்துச் சோப்பு, ஷாம்பு, முகப்பூச்சு எதைத் தொட்டாலும் அதன் ஒரு நுனி இப்படியொரு தோட்டத்தில் வந்து முடியும்.

இந்தத் தோட்டங்களைச் சுற்றியுள்ள வீடுகளில் சோப்பும் குளியல் பொடியும் கூந்தல் தைலமும் செய்து பார்க்கும் ஆசை இப்போது நன்றாகவே தெரிகிறது. ஈஜோக், ஜெராம், புக்கிட் ரோத்தான் தொடங்கி வடக்கே தஞ்சோங் காராங் தாண்டியும் கைபேசியில் செய்முறைகள் கைமாறுகின்றன. "இயற்கையானது, ரசாயனமே கிடையாது, ஒரு வருஷம் ஆனாலும் கெடாது" என்பது அவற்றோடு ஒட்டிக்கொண்டு வரும் வசனம். இதில் கடைசிப் பகுதிதான் எனக்கு இடிக்கிறது. கெடாமல் இருப்பதை இயற்கையின் பெருமையாகச் சொல்பவர்கள், நம் பாட்டிகள் செய்ததை ஊன்றிப் பார்க்கவில்லை. லயத்து வீட்டில் ஐஸ்பெட்டி கிடையாது. காலையில் அரைத்தது அன்றைக்கே தலைக்குப் போய்விடும். வைத்திருக்க வேண்டியதென்றால் காயவைத்தார்கள், இல்லாவிட்டால் எண்ணெயில் காய்ச்சினார்கள். ஈரத்தோடு ஒரு பண்டத்தைப் புட்டியில் அடைத்து மாதக்கணக்கில் வைக்கிற வழக்கம் அவர்களிடம் இருந்ததே இல்லை.

கொல்லைப்புறத்துச் சரக்கு

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். 1960இல் இதை மலேசியா தன் தேசிய மலராக அறிவித்தது. அரசாங்கத்துக்கு அது பூங்கா ராயா. தோட்டத்து அம்மாக்களுக்கு அது தலைமுழுகும் இலை. ஒரு கை இலையைக் கழுவி, தண்ணீரில் போட்டுக் கசக்கினால் வழவழவென்று பச்சைச் சாறு இறங்கும். வடிகட்டித் தலையில் தேய்த்தால் முடி சிக்கில்லாமல் நழுவும். இலையில் இருக்கும் பசைதான் அந்த வழவழப்பு. நுரை வராது, அழுக்கையும் முழுசாக எடுக்காது. எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காயோ அரப்போ வேண்டும். இந்தச் சாற்றை மறுநாள் முகர்ந்து பாருங்கள், பாட்டி ஏன் அன்றன்றைக்குக் கசக்கினாள் என்று மூக்கே சொல்லிவிடும்.

கூந்தல் தைலத்திலும் இதே சூட்சுமம் உண்டு. தேங்காய் எண்ணெயில் கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை, செம்பருத்திப் பூ எல்லாம் போட்டுக் காய்ச்சும்போது முதலில் சடசடவென்று பொரியும். இலையில் உள்ள தண்ணீர் ஆவியாகிற சத்தம் அது. சத்தம் முழுக்க அடங்கி, இலை மொறுமொறுப்பான பிறகுதான் இறக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. அவசரப்பட்டு முன்னாலேயே இறக்கினால் எண்ணெயில் ஈரம் தங்கும். பத்து நாளில் சிக்குவாடை, அடியில் பூசணம். பச்சை இலையை அப்படியே எண்ணெயில் போட்டு, அழகான கண்ணாடிப் புட்டியில் இலை மிதக்க மிதக்க விற்பவர்களைப் பார்க்கிறேன். படத்துக்கு நன்றாக இருக்கும். தலைக்கு வேண்டாம்.

மலாய்க்காரர் வீடுகளின் பெடாக் செஜுக்கும் இதே அறிவில் பிறந்ததுதான். தஞ்சோங் காராங், செகிஞ்சான் எல்லாம் நெல் விளையும் சமவெளி, அரிசிக்குக் குறைவில்லை. அரிசியைத் தண்ணீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நாற்றம் போகும்வரை தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, மைய அரைத்து, தெளியவிட்டு, துளித்துளியாகத் துணியில் வைத்து வெயிலில் காயவைப்பார்கள். பண்டான் இலையோ பூவோ போட்டு வாசனை ஏற்றுவதும் உண்டு. வேண்டும்போது இரண்டு துளியைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் பூசினால் குளுகுளுவென்றிருக்கும். வேர்க்குருவுக்கு இதைத் தமிழ் வீடுகளிலும் பூசினார்கள். காய்ந்தபடி இருக்கும்வரை டப்பாவில் கெடாமல் இருக்கும். குழைத்த பிறகு மிச்சம் வைக்க மாட்டார்கள்.

அடுத்தது நலங்கு மாவு. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் என்று வீட்டுக்கு வீடு பட்டியல் மாறும். இதில் இரண்டு சரக்கைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது.

முதலாவது கஸ்தூரி மஞ்சள். அசல் சரக்கு தோலில் மஞ்சள் கறை விடாது, கற்பூரம் கலந்தாற்போல் மணக்கும். ஆனால் அந்தப் பெயரில் சந்தையில் கிடைப்பதில் பூலாங்கிழங்கு இனத்தைச் சேர்ந்த வேறு கிழங்குகளின் பொடி நிறைய இருக்கிறது. முழுக் கிழங்காக வாங்கி வீட்டில் இடித்துக்கொள்வது நல்லது. சமையல் மஞ்சள்தூளிலும் கவனம் தேவை. பளிச்சென்ற நிறத்துக்காகக் காரீயக் குரோமேட் கலக்கும் மோசடி வங்கதேசத்தில் பிடிபட்டு, அந்நாடு 2019இல் அதை ஒழிக்கக் கடுமையாக இறங்கியது.

இரண்டாவது கார்போக அரிசி. நாட்டு மருந்துக் கடையில் குளியல் பொடிச் சாமான் கேட்டால் இதையும் ஒரு பிடி அள்ளிப் போட்டுவிடுவார்கள். சித்த மருத்துவத்தில் வெண்புள்ளிக்குப் பயன்படும் விதை இது. காரணம், இதிலுள்ள சோரலென் என்ற பொருள் தோலை வெயிலுக்குக் கூடுதலாகக் கூசச் செய்யும். நவீன மருத்துவமும் சோரலெனையும் புறஊதாக் கதிரையும் சேர்த்து, அளவு பார்த்து, மேற்பார்வையில் வெண்புள்ளிக்குக் கொடுக்கிறது. அந்த விதையைப் பொடித்துப் பூசிக் குளித்துவிட்டு, நிலநடுக்கோட்டுக்கு வடக்கே மூன்று பாகைக்குச் சற்று மேலே உள்ள கோலசிலாங்கூரின் பதினோரு மணி வெயிலில் துணி காயப்போடப் போவது புத்திசாலித்தனம் இல்லை. முகம் கறுத்துவிட்டதே என்று மறுபடி அதே பொடியைப் பூசுவார்கள். தோலில் எலுமிச்சை தேய்ப்பதும் இதே வகை. சாறு பட்ட தோல் வெயில் கண்டால் கொப்பளித்து, மாதக்கணக்கில் கறுத்த தழும்பு நிற்பதைத் தோல் மருத்துவர்கள் அடிக்கடி பார்க்கிறார்கள்.

சோற்றுக்கற்றாழை நல்லதுதான். மடலை அறுத்ததும் வடிகிற மஞ்சள் பாலை முழுக்க வடியவிட்டுக் கழுவ வேண்டும், அது அரிக்கும். உள்ளிருக்கும் சோற்றைத் தடவி, மிச்சத்தைத் தூக்கிப் போடுங்கள். அரைத்துப் புட்டியில் வைத்தால் ஐஸ்பெட்டியிலும் சில நாள்தான் தாங்கும். ஈ வைட்டமின் மாத்திரையைக் கிள்ளி ஊற்றினால் கெடாது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. ஈ வைட்டமின் எண்ணெய் சிக்காமல் தள்ளிப்போடும். கிருமியையோ பூசணத்தையோ அது ஒன்றும் செய்யாது.

எரிசோடா இல்லாமல் சோப்பு இல்லை

பொடியும் தைலமும் பாட்டி காலத்துச் சமாசாரம். சோப்பு அப்படி இல்லை. "ரசாயனம் இல்லாத சோப்பு" என்று யாராவது சொன்னால், அவர் சோப்புக் காய்ச்சியதில்லை என்று அர்த்தம். எண்ணெயோடு எரிசோடா எனப்படும் காஸ்டிக் சோடா சேர்ந்தால்தான் சோப்பு உண்டாகும். இரண்டும் ஒன்றையொன்று தின்று சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடும். கணக்கு சரியாக இருந்தால் முடிவில் எரிசோடா மிஞ்சாது. கணக்குத் தப்பினால் தோல் வெந்துபோகும்.

இங்கே சமையலறையில் இருப்பதை வைத்தே ஒரு கணக்குச் சொல்கிறேன். ஒரு கிலோ இரண்டரை வெள்ளிக்கு மானிய விலையில் வரும் பாக்கெட் எண்ணெய் செம்பனை எண்ணெய்தான். அதில் 350 கிராம், தேங்காய் எண்ணெய் 150 கிராம். செம்பனை எண்ணெய் கட்டியைக் கெட்டியாக்கும், தேங்காய் எண்ணெய் நுரை கொடுக்கும். இந்த அரைக் கிலோவுக்கு எரிசோடா 73 கிராம், தண்ணீர் 160 கிராம் போதும். ஒரு கிராம் செம்பனை எண்ணெய்க்குச் சுமார் 0.141 கிராம், தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 0.183 கிராம் என்று பெருக்கிக் கூட்டி, அதில் நூற்றுக்கு ஐந்து குறைத்தால் இந்த 73 வரும். ஐந்து குறைப்பதால் கொஞ்சம் எண்ணெய் மாறாமல் தங்கித் தோலுக்கு இதமாக இருக்கும். வேறு எண்ணெய் எடுத்தால் வேறு கணக்கு. கரண்டி அளவு, கப் அளவு எதுவும் இங்கே செல்லாது. கிராம் காட்டும் மின் தராசு இல்லையென்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

எரிசோடாவைத் தண்ணீரில் கொட்ட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி, முழுக்கைச் சட்டை அவசியம். ஜன்னல் திறந்திருக்கட்டும், பிள்ளைகள் வீட்டுக்குள் இல்லாத நேரமாகப் பாருங்கள். அலுமினியச் சட்டி அறவே கூடாது. எரிசோடா அதை அரித்து, தீப்பற்றும் வாயுவைக் கிளப்பும். எவர்சில்வர் போதும். கரைசல் சூடு தணிந்த பிறகு எண்ணெயில் ஊற்றிக் கலக்க வேண்டும். கரண்டியைத் தூக்கினால் மேலே கோடு நிற்கும் பதம் வந்ததும் அச்சில் வார்த்துவிடலாம். ஒன்றிரண்டு நாளில் வெட்டலாம். வெட்டிய கட்டியை நான்கு முதல் ஆறு வாரம் காற்றாட வைத்தால்தான் ஈரம் இறங்கிக் கட்டி இறுகும்.

நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் கட்டியின்மேல் வியர்த்தாற்போல் துளிகள் கோக்கும். கெட்டுப்போய்விட்டதென்று சிலர் தூக்கி எறிகிறார்கள். கிளிசரின் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கிறது, அவ்வளவுதான். மின்விசிறிக் காற்றில் வையுங்கள். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும்: எவ்வளவு கைப்பக்குவமாகச் செய்தாலும் சோப்பு காரத்தன்மை கொண்டது. பிஎச் அளவில் 9, 10 என்று நிற்கும். நம் தோலோ ஐந்தரைக்குக் கீழே. வறண்ட தோலும் கரப்பானும் உள்ளவர்களுக்கு வீட்டுச் சோப்பு மருந்தாகாது.

வீட்டுச் சோப்பு பெரிய தொழிலான கதை ஒன்று சென்னையில் உண்டு. இந்திய ரயில்வேயில் மருத்துவராக இருந்த வி.பி. சித்தன், தொழிலாளர்களின் தோல் கோளாறுகளுக்காகக் கேரள மூலிகைத் தைலப் பக்குவத்தைச் சோப்பாக மாற்றி, மனைவியின் துணையோடு 1969இல் வீட்டிலேயே கையால் செய்யத் தொடங்கினார். மெடிமிக்ஸ் அப்படிப் பிறந்தது. அதைத் தொடங்கி வைத்தது அழகு ஆசை இல்லை, உழைப்பாளியின் தோல் என்பதை நான் கவனித்துக்கொள்கிறேன்.

மருந்தடித்த கைகள்

உழைப்பாளியின் தோல் என்றதும் வடசிலாங்கூர்த் தோட்டங்களைத் தாண்டிப் போக முடியவில்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்த பிறகு, முதுகில் மருந்துத் தோம்பைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கும் வேலை பெண்களிடம் வந்து சேர்ந்தது. புல்லுக்கு அடித்தது பராகுவாட் என்ற களைக்கொல்லி. மனித உரிமை அமைப்பான தெனாகானித்தா, அதை நடத்திய ஐரீன் பெர்னாண்டஸ் காலத்தில், 2002இல் தோட்டங்களில் மருந்தடிக்கும் பெண்களைப் பற்றி ஓர் ஆய்வை வெளியிட்டது. தோல் தடிப்பு, அரிப்பு, நிறம் மாறிக் கழன்ற நகங்கள், மூக்கில் ரத்தம் என்று அந்தப் பெண்கள் சொன்னவை அதில் பதிவாகின. அதே ஆண்டு அரசு பராகுவாட்டைத் தடைசெய்தது. 2006இல் தடையைத் தளர்த்தியது. முழுத் தடை 2020 ஜனவரி முதல் நாள்தான் வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை பெண்கள் வேலை முடிந்து வந்து கையில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுத்தார்களோ! எண்ணெய் எரிச்சலைக் கொஞ்சம் ஆற்றியிருக்கும். விஷத்துக்கு அது விடையாகியிருக்காது. தோட்டத்து வைத்தியத்தைப் புகழும்போது இதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

வெயிலில் கறுத்த அந்த முகங்களைக் குறிவைத்துத்தான் வெள்ளை க்ரீம் வந்தது. 1975இல் இந்துஸ்தான் லீவர் இறக்கிய ஃபேர் அண்ட் லவ்லி, 2020இல் க்ளோ அண்ட் லவ்லி என்று பெயர் மாற்றிக்கொண்டது. அது பெரிய கம்பெனிச் சரக்கு, பொருள் பட்டியலாவது இருக்கிறது. பாசார் மாலாமிலும் வாட்சப்பிலும் பெயர் தெரியாத டப்பாவில் வருவதுதான் ஆபத்து. மலேசியச் சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனமான என்.பி.ஆர்.ஏ., பாதரசமும் ஹைட்ரோகுவினோனும் ட்ரெட்டினாயினும் ஸ்டீராய்டும் கலந்த க்ரீம்களின் பெயர்களை அவ்வப்போது வெளியிட்டு அவற்றின் பதிவை ரத்து செய்து வருகிறது. பாதரசம் தோலில் நிறமி உண்டாவதைத் தடுப்பதால் ஒரு வாரத்திலேயே முகம் வெளுக்கும். அதே பாதரசம் ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2023இல் சிறுநீரகக் கோளாறோடு வந்த பலரிடம் துருவியபோது முகத்தில் பூசிய வெள்ளை க்ரீம் வரையில் போய் நின்றது. மினமாட்டா உடன்படிக்கை நாடுகள், பாதரசம் சேர்த்த ஒப்பனைப் பொருள்களை 2025க்குள் அறவே நிறுத்துவதென்று முடிவெடுத்தன.

ஆகவே பச்சைப்பயற்று மாவு பூசுகிறேன், வீட்டுத் தைலம் தேய்க்கிறேன் என்று ஒருத்தி சொன்னால், முதல் லாபம் அவள் அந்த டப்பாவைத் திறக்காமல் இருப்பது. பயறு முகத்தை வெளுப்பாக்காது. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. "ஏழே நாளில் நிறம் மாறும்" என்று வீட்டுச் சரக்கின்மேல் எழுதி ஒட்டுகிறவர் அந்த டப்பாக்காரனின் வசனத்தைத்தான் கடன் வாங்குகிறார். வீட்டுச் சரக்கு உண்மையிலேயே ஏழு நாளில் நிறம் மாற்றினால், அதற்குள் வேறு ஏதோ இருக்கிறது.

விற்கப் போனால்

வீட்டுக்குச் செய்து வீட்டார் பூசிக்கொள்வதை எந்தச் சட்டமும் கேட்காது. ஒரு கட்டியை ஐந்து வெள்ளிக்கு விற்றாலும் கதை வேறு. ஆசியான் நாடுகளின் பொது ஏற்பாட்டின்படி 2008 முதல் மலேசியாவில் எந்த ஒப்பனைப் பொருளையும் விற்குமுன் என்.பி.ஆர்.ஏ.வுக்கு அறிவித்து எண் பெற வேண்டும். குளியல் பொடி, கூந்தல் தைலம், சோப்பு எல்லாமே இதில் அடங்கும். 'என்.ஓ.டி.' என்று தொடங்கிக் 'கே' என்று முடியும் அந்த எண் டப்பாவுக்கு இருக்கிறதா என்று யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்த்துக்கொள்ளலாம். எண் இல்லாமல் விற்றுப் பிடிபட்டால், 1984ஆம் ஆண்டு மருந்து, ஒப்பனைப் பொருள் கட்டுப்பாட்டு விதிகளின்படி தனிநபருக்கு முதல் குற்றத்துக்கே 25,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

எண் வாங்குவதற்குத் தொழிலைப் பதிவு செய்திருக்க வேண்டும். தயாரிக்கும் இடம் சுத்தம், பதிவேடு, தரக் கட்டுப்பாடு எல்லாம் கொண்டதாக இருக்க வேண்டும். சமையலறை மேசை அந்தத் தேர்வில் தேறாது. அதனால் தன் செய்முறையை உரிமம் பெற்ற ஒப்பந்தத் தயாரிப்பாளரிடம் கொடுத்துச் செய்து வாங்குவது பலரும் போகும் வழி. அப்போது குறைந்தபட்ச எண்ணிக்கையும் முன்பணமும் கேட்பார்கள். லயத்திலிருந்து மலிவு வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு அங்கேதான் மூச்சு முட்டுகிறது. குறுங்கடன் நிறுவனமான அமானா இக்தியார் வழியாக இந்தியப் பெண் தொழில்முனைவோருக்கென 2024இல் 5 கோடி வெள்ளியில் தொடங்கிய 'பெண்' கடனுதவித் திட்டம் போன்றவை இருக்கின்றன. கடன் வாங்குமுன் எந்தப் பொருள் என்று தீர்மானிப்பது முக்கியம். என்னைக் கேட்டால் க்ரீம், லோஷன், கற்றாழை ஜெல் பக்கமே போக வேண்டாம் என்பேன். தண்ணீர் கலந்த பண்டத்துக்குப் பாதுகாப்புப் பொருளும் கிருமிப் பரிசோதனையும் வேண்டும். உலர்ந்த பொடி, ஈரம் போகக் காய்ச்சிய தைலம், இறுகிய சோப்பு — இந்த மூன்றுக்கும் தலைவலி குறைவு.

விற்காமல் தீபாவளிக்கு உறவுக்காரர்களுக்குக் கொடுக்க மட்டும் சோப்புச் செய்கிறவர்கள் செப்டம்பர் முதல் வாரத்திலேயே வார்த்துவிட வேண்டும். வார்த்த தேதியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதித் தட்டின் அடியில் வையுங்கள். ஆறு வாரத்துக்கு முன் யார் கேட்டாலும் கட்டியை எடுத்துக் கொடுக்காதீர்கள். கொடுக்கும்போது என்னென்ன எண்ணெய், என்னென்ன பொடி சேர்த்தீர்கள் என்றும் உறைமேல் எழுதுங்கள். முதலில் முழங்கை உள்மடிப்பில் தேய்த்து இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.